சைக்கிளுக்கு எண்ணெய்க் குளியல்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இந்த வயது வரை தெரியாது. ஆனால் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போடும் விஷயத்தில் நான் காட்டிய கெட்டிக்காரத்தனத்தால் ஒரு எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் பூட்ஸும் கைக்கடிகாரமுமாகக் கடலில் விழுந்திருக்கிறார். போர்ட் பிளேரில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அதுதான் தொல்லை.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. அம்பாசமுத்திரத்தில் கல்யாணம் முடிந்து, நாலு நாள் கப்பலில் வாந்தி எடுத்து, போர்ட் பிளேரில் இறங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கணவர் சிவராமன் ரோடு போடும் இலாகாவில் ஓவர்சியர். டெம்பரரி ஓவர்சியர். அந்த ‘டெம்பரரி’ என்ற வார்த்தைதான் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. பெர்மனென்ட் ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸ் நிரந்தரம், நானும் நிரந்தரம். ஆகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே ஏற்கனவே பதினோரு பேர். நாத்தனார்கள் மட்டும் நாலு பேர். போர்ட் பிளேரில் தகரக் கூரை ஒழுகினாலும் அது என் தகரம், என் ஒழுகல் என்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

வீட்டில் நாலாவதாக ஒருவர் இருந்தார். சைக்கிள். மெட்ராஸிலிருந்து வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக் கப்பலில் வந்தது. எனக்கு ஒரு வருஷம் முன்பே வந்தது. (நான் வந்தபோது எனக்கு வைக்கோல்கூடச் சுற்றவில்லை.) கரும்பச்சை நிறம், ஓரமெல்லாம் தங்கக் கோடு. தினமும் காலையில் அவர் பனியனைக் கிழித்த துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிப்பார். துடைக்கும்போது ஏதோ முணுமுணுப்பார். மந்திரமோ, கொஞ்சலோ, நான் கிட்டே போய்க் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கார் நிக்கோபார் தீவில் மூன்று வாரம் சர்வே வேலை வந்தது. புறப்படும்போது என் தலையைத் தடவவில்லை. சைக்கிளின் சீட்டைத் தடவினார்.

“ஏ கோமதி, இத மட்டும் மழையில நனைய விட்டுராத. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். என்ன?”

“வேற ஒண்ணும் செய்ய மாட்டேங்க.”

நான் மனதாரத்தான் சொன்னேன்.

மழையில் நனையக் கூடாதென்று கடல் பார்த்த தாழ்வாரத்தில் நிறுத்தினேன். மழை படவில்லை. உப்புக் காற்று பட்டது. பத்தாவது நாள் பார்க்கிறேன், சக்கரத்து வளையமெல்லாம் மஞ்சள் புள்ளி, செயினைத் தொட்டால் விரலில் செம்மண். பெடலைக் கையால் சுற்றினால் ‘கிரீ…ச்’ என்று பெற்ற தாயைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு ஓலம்.

அதே வாரம் கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஒருவர் கையில் இவர் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். ‘வரும் வியாழக்கிழமை காலை ஃபீனிக்ஸ் பே துறையில் இறங்குவேன். பெரிய சாகிப்பும் அதே கப்பலில் வருகிறார். ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்தியாக இருக்கிறார். இறங்கியதும் ஆபீஸில் மீட்டிங். சைக்கிளை யார் மூலமாவது ஜெட்டிக்கு அனுப்பி வை. நல்லபடியாக முடிந்தால் இந்த மாதமே பெர்மனென்ட் ஆர்டர்.’ கீழே, நான் சாப்பிட்டேனா என்று ஒரு வரி. அதற்கும் கீழே, சைக்கிள் சௌக்கியமா என்று இரண்டு வரி.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துருவை எடுத்தால் போதும் என்று சாதாரணப் பெண் நினைப்பாள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய சாகிப் கண் முன்னால் சைக்கிள் பளபளவென்று போய் நிற்க வேண்டும். ‘இவ்வளவு சுத்தமான ஓவர்சியரை டெம்பரரியாக வைத்திருக்கிறோமே’ என்று அவர் வெட்கப்பட வேண்டும். வீட்டுக்காரருக்கு நான் கொடுக்கப் போகும் ஆச்சரியம். (ஆச்சரியம் கிடைத்தது. அதில் குறையே இல்லை.)

சைக்கிளை எதால் சுத்தம் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்து வீட்டில் பளபளப்பாக இருக்க வேண்டிய பொருள் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்கு என்ன செய்வோம்? புளியும் சாம்பலும். ஆகவே மெயின்லேண்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஒரு வருஷத்துப் புளியில் பாதியை ஊறப்போட்டேன். அடுப்புச் சாம்பலை வாளியில் சலித்தேன். தேங்காய் நாரைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சக்கரத்து வளையம் நிஜமாகவே பளபளத்தது. என் முகம் அதில் வளைந்து தெரிந்தது. அந்த உற்சாகத்தில் புளி, சாம்பல், நார் மூன்றையும் சைக்கிளின் உடம்புக்கும் கொண்டுபோனேன். தேய்க்கத் தேய்க்கப் பச்சையாகத் தண்ணீர் ஓடியது. எவ்வளவு அழுக்கு பார், இந்த மனுஷன் தினமும் என்ன துடைத்தார் என்று எனக்கு அவர் மேல் இளக்காரம் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, ஓடியது அழுக்கில்லை, பெயிண்ட்.

தங்கக் கோடு முதலில் போயிருந்தது. கரும்பச்சை அங்கங்கே தீவு தீவாக நின்றது. மற்ற இடமெல்லாம் வெறும் இரும்பு.

இந்த இடத்தில் புத்தியுள்ளவர்கள் நிறுத்தியிருப்பார்கள். நான் யோசித்தேன். பாதி பச்சை, பாதி வெள்ளை என்று இருந்தால்தானே அசிங்கம்? முழுக்க எடுத்துவிட்டால் வெள்ளிச் சைக்கிள் மாதிரி இருக்குமே? மறுநாள் செங்கல்லைப் பொடி செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பச்சை என்பது சுத்தமாகத் தீர்ந்தது. சிகைக்காய் போட்டு அலசி, தலை துவட்டி, சாம்பிராணிப் புகைகூடக் காட்டினேன். உண்மையாகச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பெடலைச் சுற்றினால் ஓலம் நிற்கவில்லை. புளித்தண்ணீர் உள்ளே போனதில் இன்னும் உச்சஸ்தாயியில் அழுதது.

எண்ணெய் போட வேண்டும். எந்த எண்ணெய்?

சமையலறையில் முதலில் கண்ணில் பட்டது தேங்காய் எண்ணெய். செயின் முழுக்க ஊற்றினேன். ஓலம் நின்றது. ஒரு மணி நேரத்தில் சிவப்பெறும்பு வந்தது. பெடலிலிருந்து பின்சக்கரம் வரை செயினைச் சுற்றி ஒரு செயின் ஓடியது. அத்தனையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அடுத்தது விளக்கெண்ணெய். குடலை இளக்குகிற எண்ணெய் செயினை இளக்காதா என்பது என் விஞ்ஞானம். அது கோந்து மாதிரி பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்திலிருந்த சாம்பல், செங்கல்பொடி எல்லாவற்றையும் வாரி அணைத்துக்கொண்டது. பெடல் நகரவே இல்லை. நல்லெண்ணெய் பாட்டிலைப் பார்த்தேன். கால் பாட்டில்தான் இருந்தது. அடுத்த கப்பல் வரும் வரை இட்லிக்கு வேண்டும். விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை அபர்தீன் பஜாருக்கு நடந்தேன். அங்கே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் மொய்து காக்கா, மலையாளத்துக்காரர். (அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.) எல்லோரிடமும் ஹிந்தி பேசுவார். நான் தமிழ் என்பதால் என்னிடம் மட்டும், எனக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று, மலையாளம் பேசுவார். அன்றைக்கு ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

“காக்கா, சைக்கிள் எண்ணெய் இருக்கா?”

“தீர்ந்நு போயி. கப்பல் வரட்டே.”

“நாளைக்கே வேணுமே! வேற எந்த எண்ணெய் போடலாம்?”

அவர் ட்யூபிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “ஏதெங்கிலும் ஒரு எண்ண. செயினில் இட்டால் மதி. ரிம்மில் தொடருது. கேட்டோ?”

கேட்டேன். நன்றாகக் கேட்டேன். எந்த எண்ணெயானாலும் சரியாம். செயினில் ஆரம்பித்து ரிம்மிலும் தொடருது. அதாவது செயினோடு நிறுத்தாமல் சக்கரத்து வளையம் வரைக்கும் எண்ணெய் தொடர வேண்டும். நல்லவேளை கேட்டோம், இல்லாவிட்டால் அரைகுறையாகப் போயிருக்குமே என்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

எண்ணெய்ப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தவள் பிலோமினா அக்கா. எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே, கடல் ஓரத்தில் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அவள் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. நான் தாழ்வாரத்தில் சைக்கிள் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஏறி வந்தாள். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“யாரு பிள்ள இது, புதுச் சைக்கிளா?”

“பழசுதான்க்கா. தேச்சேன்.”

“மாதாவே.” உள்ளங்கையால் இரும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “பெயிண்டு போச்சுன்னா உப்புக் காத்துல ரெண்டே நாள்ல துரு தின்னுரும். சுறா எண்ண போடு. எங்க வள்ளத்துக்கு அதத்தான் பூசுதோம். கடலே வந்து நக்குனாலும் ஒண்ணும் செய்யாது, கேட்டியா.”

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. மீன் வாடை வந்தால் என் மாமனார் தெருவை மாற்றி நடப்பார். ஆனால் நான் அப்போது இருந்த நிலையில் திமிங்கிலத்தையே கொண்டுவந்து பிழியச் சொன்னாலும் பிழிந்திருப்பேன். பிலோமினா அக்கா ஒரு பெரிய பாட்டில் கொண்டுவந்தாள். கார்க்கைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒட்டியிருந்த விளக்கெண்ணெயைச் சுரண்டியெடுத்துவிட்டுச் செயினில் ஊற்றினேன். ஆஹா! பெடலை ஒரு விரலால் தட்டினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் உள்ளே போய் அரிசி களைந்துவிட்டு வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. (என் பிள்ளைகள் இதை நம்புவதில்லை.) உடம்புக்குப் பூசினேன். பிறகு காக்கா சொன்னபடி தொடர்ந்தேன். இரண்டு ரிம்மிலும் உள்ளங்கையால் வழிய வழியத் தடவினேன். ரிம்மைப் பிடித்துக்கொண்டு நாலு ரப்பர்த் துண்டுகள் இருந்தன. அவை ஏன் வறண்டு கிடக்க வேண்டும்? அவற்றுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி.

மிச்சமிருந்தது வாடை. பெட்டியிலிருந்த பச்சைக் கற்பூரத்தை நுணுக்கித் தூவினேன். என் முகப் பவுடரில் பாதியைக் கொட்டினேன். சந்தனம் கரைத்துச் சீட்டில் தடவினேன். மணியின் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். வாடை போகவில்லை. மீன் மார்க்கெட்டுக்குள் யாருக்கோ கல்யாணம் நடக்கிற மாதிரி ஆயிற்று.

முதல் பூனை பத்து நிமிஷத்தில் வந்தது. அது நேராகப் போய் செயினை நக்க ஆரம்பித்தது. விரட்டினேன். போய் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்குள் தாழ்வாரத்தில் பதினான்கு பூனைகள். பூனைகளைப் பார்க்க நாய்கள் வந்தன. எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றி இத்தனை ஜீவராசிகள் வசித்ததே எனக்கு அன்றுதான் தெரியும். சைக்கிளை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் கம்பியில் வரிசையாக முகங்கள்.

வியாழக்கிழமை காலை. ‘யார் மூலமாவது அனுப்பு’ என்றுதானே எழுதியிருந்தார்? யாரும் அதன் கிட்டே வரத் தயாராக இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நானே தள்ளிக்கொண்டு கிளம்பினேன். முன்னால் நான், பக்கத்தில் வெள்ளிச் சைக்கிள், பின்னால் பூனைகள், அதற்குப் பின்னால் நாய்கள். கலெக்டர் வந்தால்கூட அப்படி ஊர்வலம் அமையாது. இறக்கத்தில் சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. நல்ல எண்ணெய் என்று பெருமைப்பட்டேன்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் அணைந்திருந்தது. இவர் ரிப்போர்ட் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது, எடுக்க மறந்த கோலப்பொடி டப்பா மாதிரி.

“இது யாரு சைக்கிளு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நம்மளதுதாங்க.”

“நம்மளது பச்சைல்லா.”

“அது அழுக்குங்க.”

அவர் கையை நீட்டித் தொட்டார். விரலை மோந்தார். நான் அவர் முகத்தில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு வெறுமையைப் பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து இடி மாதிரி ஒரு குரல்.

“அரே வாஹ்! யே சாந்தி கீ சைக்கிள் கிஸ்கீ ஹை?”

பெரிய சாகிப். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், மல்ஹோத்ரா சாகிப் என்று பெயர். ஆறடி உயரம், முறுக்கின மீசை, தலையில் வெள்ளைக்காரர் காலத்துச் சோலா தொப்பி. வெள்ளிச் சைக்கிள் யாருடையது என்று கேட்டார். நான் பெருமையில் நிமிர்ந்தேன். என் கணக்குப்படியேதான் எல்லாம் நடந்தது.

ஆனால் அவரைக் கூட்டிப்போக வர வேண்டிய ஜீப் வரவில்லை. வழியில் டயர் பஞ்சராம், ஒரு பியூன் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான். மீட்டிங்குக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. சாகிப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே ஏறிப்போகிற ரோட்டைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

“ஓவர்சியர் சாப், இதர் தோ. காலேஜ் மே மை சாம்பியன் தா.”

சைக்கிளை இங்கே கொடு, காலேஜில் நான் சாம்பியன் என்கிறார். இவர், “சார், நோ சார், ஸ்மெல் சார்” என்று தடுமாறினார். சாகிப் மூன்று வாரம் கார் நிக்கோபாரில் மீனும் கொப்பரையும் காய்கிற இடத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் மூக்கு எப்போதோ சரணடைந்திருந்தது. காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டார்.

ஏற்றத்தில் சைக்கிள் போன அழகை நான் சொல்ல வேண்டும். சத்தமில்லை, தடங்கலில்லை. சாகிப் திரும்பிப் பார்த்து, “மக்கன்! பில்குல் மக்கன்!” என்று கத்தினார். வெண்ணெய் மாதிரி ஓடுகிறதாம். ஜெட்டியிலிருந்த கூலிகள், கப்பல் ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் இவர் காதோரமாக, “பெர்மனென்ட்டு” என்றேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பாதி ஏற்றத்தில், என்னோடு வந்து வழியில் பின்தங்கிப்போன நாய்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து தேடிய வாடை தானாகவே தங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவற்றுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஏழெட்டு நாய்கள் ஒரே பாய்ச்சலாகச் செயினைக் குறிவைத்து ஓடிவந்தன. சாகிப் சாம்பியன்தான், சந்தேகமே இல்லை. அந்தக் குறுகலான ரோட்டில், காலை ஊன்றாமல், ஒரே வளைப்பில் சைக்கிளைத் திருப்பினார்.

திருப்பியதால் முகம் ஜெட்டியைப் பார்த்து இருந்தது. இறக்கம்.

முதல் சில விநாடிகள் அவர் முகத்தில் தன்னம்பிக்கை இருந்தது. பிறகு இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்துவது தெரிந்தது. பிரேக் ரப்பர் ரிம்மைப் பிடித்திருக்கும். பிடித்து, வழுக்கி, தடவிக் கொடுத்து அனுப்பியிருக்கும். வேகம் கூடியது. தொப்பி பறந்தது. ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு தன் பங்கு கிடைத்ததென்று திரும்பிப் போயிற்று. மற்றவை விடவில்லை.

“ஹட்டோ! ஹட்டோ! பிரேக் நஹி ஹை! ஹட்டோ!”

விலகு, பிரேக் இல்லை என்று கத்திக்கொண்டே மணியை விடாமல் அடித்தார். குங்குமம் அவர் கட்டைவிரலெல்லாம் ஒட்டிச் சிவப்பாகத் தெரிந்தது. கூலிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, அரசாங்க மரியாதை மாதிரி, நேராக வழிவிட்டார்கள். அவர் என்னைக் கடந்தபோது கற்பூர வாசனை வீசியது. எனக்கு என்ன தோன்றியதென்றால், தூவியது வீண் போகவில்லை என்றுதான். மனித மனம் அந்த நேரத்தில் என்னவெல்லாம் நினைக்கிறது!

ஜெட்டியின் பலகைகள் கடகடவென்று சத்தம் போட்டன. பிறகு சத்தம் நின்றது. பிறகு ‘தொபீர்’.

நாய்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தன. பூனைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து முகம் கழுவின.

நல்லவேளை, சாகிப்புக்கு நீச்சல் தெரியும். அந்தோணி அண்ணனின் வள்ளம் பக்கத்திலேயே இருந்தது. அவர் துடுப்பை நீட்டி, சாகிப்பைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். சைக்கிள் மட்டும் மணி அடித்துக்கொண்டே மூழ்கியதாக அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

சாகிப் படியேறி வந்தார். மீசையின் இரண்டு நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மோந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக மூக்கு வேலை செய்திருக்க வேண்டும்.

“ரிம் பர் தேல் கிஸ்னே லகாயா?”

ரிம்மில் எண்ணெய் தடவியது யார். இவரைத்தான் கேட்டார். இவர் ரிப்போர்ட் சுருளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல், “சார்… மை… சார்…” என்று பழியைத் தானே ஏற்கப் போனார். மாமியார் வீட்டுப் பதினோரு பேரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். அதற்குமேல், இந்த மனுஷன் சைக்கிளும் போய், வேலையும் போய், இன்னும் என் பெயரைச் சொல்லவில்லையே என்று அழுகை வந்தது. முன்னால் போனேன்.

எனக்கு அப்போது மூன்று மாத ஹிந்தி. காய்கறிக்காரரிடம் கற்றுக்கொண்டது. ‘சார், என் கணவர் மேல் குற்றமில்லை, சைக்கிளை நான்தான் கழுவி எண்ணெய் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும். குற்றத்துக்கு ஹிந்தியில் வார்த்தை தெரியவில்லை. குற்றமில்லாதவர் சுத்தமானவர்தானே?

“சாப், மேரா ஆத்மி பில்குல் சாஃப் ஹை. மைனே உஸ்கோ இம்லி லகாகே தோயா. ஈட் சே ரகடா. ஃபிர் பூரா மச்லி கா தேல் லகாயா.”

கூட்டத்தில் தலைகள் எல்லாம் இவர் பக்கம் திரும்பின. ஹிந்தி தெரிந்தவர்களுக்கு நான் சொன்னது இப்படிக் கேட்டிருக்கிறது. ‘ஐயா, என் வீட்டுக்காரர் ரொம்பச் சுத்தமானவர். அவரைப் புளி போட்டுக் கழுவினேன். செங்கல்லால் தேய்த்தேன். பிறகு உடம்பு முழுக்க மீன் எண்ணெய் தடவினேன்.’

சாகிப் இவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

“கப்?” என்று கேட்டார். எப்போது?

“மங்கல்வார்,” என்றேன். செவ்வாய்க்கிழமை.

முதலில் சாகிப்பின் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு ஜெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த ஆறடி மனிதர் சிரித்த சிரிப்பில் கப்பல் மேல்தட்டிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூலிகள் சிரித்தார்கள். அந்தோணி அண்ணன் வள்ளத்தில் உட்கார்ந்தே சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தான் கார் நிக்கோபாரில் இருந்ததாகவும், தன்னை யாரும் கழுவவில்லை என்றும் யாரிடமாவது நிரூபிக்க வேண்டும்போல நின்றார்.

மீட்டிங் மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து நான் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். மெயின்லேண்ட் கப்பல் எப்போது என்றுகூட விசாரித்துவிட்டேன். இவர் பாயில் உட்கார்ந்து நான் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏ கோமதி, எல்லாஞ் சரி. ரிம்முல எதுக்கு எண்ணெய் போட்ட?”

“மொய்து காக்காதாங்க சொன்னாரு. ரிம்மில் தொடருதுன்னு.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ரோடு வேலையில் மலையாளத்துக்காரர்களோடு பழகியவர். “ஏ, அது தமிழ் இல்லட்டி. மலையாளம். தொடருதுன்னா தொடக் கூடாதுன்னு அர்த்தம்.”

சொல்லி முடித்த பிறகு அவருக்கே தாங்கவில்லை. பாயில் சாய்ந்துவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். அதுவரை அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே என் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கொடியில் போட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆர்டர் வந்தது. பெர்மனென்ட்! கூடவே இன்னொரு காகிதமும் வந்தது. பெரார்கஞ்சுக்கு மாற்றல். ஹெட் கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு விவரம் சொன்னாராம். சாகிப் தீவின் மேப்பை விரித்துவைத்து, ‘ரிப்போர்ட் பிரமாதம், ஆளை விடக் கூடாது. ஆனால் இந்தக் குடும்பத்தைக் கடலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது’ என்று சொல்லி, வயலும் தோட்டமுமாக இருந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாராம். அப்படித்தான் நாங்கள் பெரார்கஞ்சுக்காரர்கள் ஆனோம். எங்கள் மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். யாராவது, ‘அம்பாசமுத்திரத்து ஆட்கள் இங்கே எப்படி வந்தீர்கள்’ என்று கேட்டால், இவர் கொஞ்சமும் கூசாமல், “எண்ணெய் வழுக்கி வந்தோம்” என்பார்.

அந்தச் சைக்கிளை அந்தோணி அண்ணன் மறுநாளே மூழ்கி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு விஷயம் நான் பதிவு செய்ய வேண்டும். ஒரு பகல் ஒரு ராத்திரி கடலுக்குள் கிடந்த அந்த இரும்பில் ஒரு புள்ளி துரு இல்லை. பிலோமினா அக்கா அதைத் தெருவெல்லாம் காட்டினாள். மொய்து காக்கா ரிம்மைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, புது பிரேக் ரப்பர் மாட்டி, எல்லாம் முடிந்ததும் என்னிடம் நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “அம்மா. இனிமே. இதத் தொடாதே.” இவர் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதை ஓட்டினார். வாடை மட்டும் முழுக்கப் போகவில்லை. மழைக்காலத்தில் பெரார்கஞ்சுப் பூனைகள் அவரை ஆபீஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்.

என் பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனபோது, மாப்பிள்ளைகளை இவர் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு புத்திமதி சொன்னார். “மாப்ள, இந்த வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா வெளியூர் போனா வண்டிய மட்டும் இங்க விட்டுட்டுப் போயிராதீங்க.” மூத்த மாப்பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விட்டார். இளைய மாப்பிள்ளை சின்ன விஷயத்தையும் கவனமாக எடுத்துக்கொள்கிறவர். புது ஸ்கூட்டர் வாங்கின ஆறாவது மாதம் அவருக்கு மெட்ராஸில் நாலு நாள் வேலை வந்தது. தனக்குக் கப்பலில் படுக்கைக்கு ஒரு பங்க் டிக்கெட் எடுத்தார். ஸ்கூட்டருக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தார். மெட்ராஸில் அதை ஓட்டவே இல்லையாம். துறைமுகத்துக் கிடங்கிலேயே கட்டிவைத்திருந்து அப்படியே திருப்பிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம், கிளம்புகிற அவசரத்தில் ரேடியோவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.